மனம் தளர்ந்து பரீட்சை எழுதாவிட்டால்: மெடிக்கல் (வைத்தியச் சான்றிதழ்) எடுப்பது எப்படி?

2020 மார்ச்சில் கொரோனாவால் இலங்கையில் பல்கலைக்கழக வளாகங்கள் மூடப்பட்டபோது, நித்திரை கெட்டுப் பதற்றத்தோடு இருந்த மாணவர்களுக்குச் சொல்லப்பட்ட இலக்கங்களில் ஒன்று 1926. தேசிய மனநல நிறுவகத்தின் இலவச சேவை அது. இரவிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். தயங்காமல் அழையுங்கள். ஆனால் அந்த அழைப்பைக் காட்டிப் பீடத்தில் எதுவும் கேட்க முடியாது.

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். மாணவ ஆலோசகர் என்பவர் பெரும்பாலும் விரிவுரையாளர். அவருடைய கடிதம் மெடிக்கல் ஆகாது. ஏற்கப்பட்ட மெடிக்கல் இல்லாமல் பரீட்சையைத் தவறவிட்டால் அடுத்த முறை ரிப்பீற்; எவ்வளவு நன்றாக எழுதினாலும் பொதுவாக சி-க்கு மேல் வராது, கிளாஸும் (வகுப்புச் சித்தி) போய்விடலாம். வருத்தத்தில் கிடந்த பிள்ளைக்கு இது அநியாயமான தண்டனை.

ஆகவே முடியாத அன்றே, பிந்தினால் மறுநாளே, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ போங்கள். இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்தால் போதும். வளாகக் கடிதம் தேவையில்லை. உங்களைப் பார்க்காத நாட்களுக்கு வைத்தியர் பின்திகதியிட்டுத் தரமாட்டார். கையில் வாங்கியதும் அங்கேயே நின்று பாருங்கள்: பதிவேட்டில் உள்ளபடி பெயர், பரீட்சை நாட்கள், கையொப்பம், முத்திரை. முத்திரை மங்கியிருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள்.

தனியார் வைத்தியரின் சான்றிதழ் என்றால் பல்கலைக்கழக வைத்திய அதிகாரி அதை உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். பிறகு பீட அலுவலகத்தில் "இங்க இல்லை, பரீட்சைக் கிளைக்குக் கொண்டுபோங்கோ" என்று அலைக்கழிப்பார்கள். எங்கே கொடுத்தாலும் உங்கள் போட்டோக் கொப்பியில் திகதியோடு கையொப்பம் வாங்காமல் நகராதீர்கள். அன்றே உதவிப் பதிவாளருக்கு மின்னஞ்சலும் போடுங்கள். கடைசி நாள் பீடக் கைநூலில் இருக்கும். சீனியர் சொன்ன நாளை நம்பவேண்டாம்.

பரீட்சை எழுதத் தேவையான 80 வீத வரவு வேறு கணக்கு. விரிவுரை தவறிய நாட்களையும் சான்றிதழில் கேட்டு வாங்குங்கள். சூம் விரிவுரைக்கு அண்ணாவின் தொலைபேசியில் அவர் பெயரோடு உள்ளே போனால் வரவில் உங்கள் பெயர் விழாது.

விரிவுரையாளருக்குத் தெரியக்கூடாது என்றால், பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தரிடம் போகலாம். காசு இல்லை, வளாகத்தோடு தொடர்பும் இல்லை. மெடிக்கல் மட்டும் அங்கே கிடைக்காது.

வைத்தியசாலைக் கிளினிக்கில் பதியும்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள போர்டிங் விலாசத்தோடு வீட்டு விலாசத்தையும் கொடுங்கள். 2020 முடக்கத்தில் கிளினிக் மருந்துகள் தபாலில் போயின. மறுபடி அப்படி நடந்தால், பதிந்த விலாசத்தில் நீங்கள் இல்லாவிட்டால் மருந்து உங்களிடம் வந்து சேராது.