டிவிடி மெனு: பட்டியலா, பட்டியா, தெரிவுத்திரையா?

‘மெனு’வைத் தமிழில் எழுதச் சொன்னால் பெரும்பாலான கைகள் தானாகவே ‘பட்டியல்’ என்று எழுதிவிடும். உணவக மேசையில் இருக்கும் அட்டைக்கு அது சரிதான். டிவிடியின் மெனுவுக்கு அந்தச் சொல் பாதிதான் பொருந்துகிறது. பட்டியலைப் படிக்கலாம், அதற்கு மேல் அது ஒன்றும் செய்யாது. டிவிடி மெனுவோ பார்ப்பவர் அழுத்திய பொத்தானைக் கணக்கில் வைத்துக்கொண்டு, அடுத்து எந்தப் படம் ஓட வேண்டும் என்று முடிவெடுக்கிறது.

சொல்லின் பிறப்பு எளிமையானது. இலத்தீனில் ‘மினுவெரே’ என்றால் குறைத்தல். அதிலிருந்து வந்த ‘மினூட்டுஸ்’ சிறிதாக்கப்பட்டதைக் குறித்தது. பிரெஞ்சு மொழியில் அது தேய்ந்து ‘மெனு’ ஆனது. சிறிய, நுணுக்கமான என்பது பொருள். விருந்தில் பரிமாறப்போவதை ஒன்றுவிடாமல் எழுதிய சிறு குறிப்புக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலம் 19ஆம் நூற்றாண்டில் அதை எடுத்துக்கொண்டது, அங்கிருந்து கணினிக்கும் வந்தது. நேரத்தைக் குறிக்கும் ‘மினிட்’டும் இதே இலத்தீன் வேரில் பிறந்ததுதான்.

கணினித் தமிழ் ‘மெனு’வுக்குப் ‘பட்டி’ என்ற சொல்லை வைத்திருக்கிறது. திரையின் மேலே நீளும் வரிசைக்குப் ‘பட்டிப்பட்டை’ என்று பெயர். ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி, பட்டிதொட்டி என்று புழங்கிய காதுக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் ஒலிக்கும். ஆனால் டிவிடியைப் பொறுத்தவரை அடைப்பு என்ற அந்தப் பழைய பொருளே அழகாகப் பொருந்திப்போகிறது. காரணத்தைச் சொல்ல வட்டின் உள்ளே கொஞ்சம் போக வேண்டும்.

டிவிடி-வீடியோ வட்டில் ஒரு தலைமைப் பகுதியும், அதன் கீழே 1 முதல் 99 வரை தலைப்புத் தொகுதிகளும் இருக்கும் (தலைப்பு என்றால் வட்டில் தனியாக ஓடும் ஒரு படம்). தலைமைப் பகுதிக்கு ஒரு மெனு வெளி உண்டு, ஒவ்வொரு தலைப்புத் தொகுதிக்கும் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளலாம். அந்த வெளிக்குள் இருப்பவை ‘பிஜிசி’ எனப்படும் நிகழ்ச்சித் தொடர்கள். ஒரு பிஜிசியில் முன்கட்டளைகள், படம், பின்கட்டளைகள் என்று மூன்று அடுக்குகள். படமே இல்லாமல் வெறும் கட்டளைகளோடும் ஒரு பிஜிசி இருக்கலாம். பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, ஆனாலும் தரநிலையின் பார்வையில் அதுவும் மெனுதான்!

ஆக ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. பொத்தான்களோடு கண்முன் வரும் படத்தைத் ‘தெரிவுத்திரை’ என்றும், கட்டளைகளை அடைத்து வைத்திருக்கும் வெளியைப் ‘பட்டி’ என்றும் பிரித்து எழுதினால் குழப்பம் தீரும். “பட்டியில் 9 பிஜிசி, அவற்றில் தெரிவுத்திரை 6” என்று எழுதினால் இரண்டு விஷயமும் தெளிவாகப் புரியும். பேச்சில் மெனு என்றே சொல்லிக்கொள்வதில் தவறொன்றும் இல்லை.

இன்னொரு சொல்லிலும் கண்ணி இருக்கிறது. திரைப்பாடல் உலகில் ‘பிளேபேக்’ என்பதைப் ‘பின்னணி’ ஆக்கிவிட்டோம். அதை அப்படியே இங்கே கொண்டுவந்து ‘பின்னணி வரிசை’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது. வட்டு ஓடுவதைத்தான் சொல்கிறோம் என்பதால் ‘ஓட்ட வரிசை’ போதும்.

பார்ப்பவரே ஓட்ட வரிசையை அமைக்கும் தெரிவுத்திரையை எடுத்துக்கொள்வோம். வட்டில் 4 குறும்படங்கள், ஒவ்வொன்றும் தனித் தலைப்பு. அவர் 3, 1, 4, 2 என்று அழுத்தினால் அதே வரிசையில் ஓட வேண்டும்.

இதை நினைவில் வைக்கப் பிளேயர் தருவது 16 பொதுப் பதிவகங்கள். ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது 0 முதல் 65535 வரை ஓர் எண். ‘கணக்குப் பார்த்து இத்தனையாவது பதிவகத்தை எடு’ என்று சொல்லும் வசதி கிடையாது. அதனால் தெரிவுக்கு ஒரு பதிவகம் என்று ஒதுக்கினால் கட்டளைகள் பெருகிக்கொண்டே போகும். நான்கு தெரிவையும் ஒரே எண்ணில் பொதிந்துவிடுவதுதான் சுருக்கமான வழி. முதல் தெரிவு அப்படியே, இரண்டாவது 16ஆல் பெருக்கி, மூன்றாவது 256ஆல், நான்காவது 4096ஆல். மேலே சொன்ன வரிசைக்கு 3 + 16 + 1024 + 8192, மொத்தம் 9235. எடுக்கும்போது 16ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால் 3 கிடைக்கும், ஈவு 577. அதை வகுத்தால் மீதி 1, ஈவு 36. பிறகு 4, கடைசியில் 2. இந்த முறையில் 15 தலைப்புகளிலிருந்து 4 தெரிவு வரை வைக்கலாம். 5 தெரிவு வேண்டுமென்றால் 8ஆல் பெருக்க வேண்டும், அப்போது தலைப்புகள் 7க்கு மேல் போகக்கூடாது.

மூன்று பதிவகங்கள் போதும்: வரிசைக்கு ஒன்று (தொடக்கத்தில் 0), மடங்குக்கு ஒன்று (தொடக்கத்தில் 1), எத்தனை தேர்ந்தாயிற்று என்பதற்கு ஒன்று (0). கூட்டிக் கழிக்கத் தற்காலிகமாக ஒன்று. ஒரு பொத்தானுக்கு ஒரே ஒரு கட்டளைதான் வைக்க முடியும். அதனால் நான்கு படப் பொத்தான்களும் கணக்குப் போடும் ஒரே வெற்று பிஜிசிக்குத் தாவட்டும். எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதை, பிளேயர் தன் நிலையைக் குறித்து வைக்கும் பதிவகங்களில் ஒன்றான 8ஆம் அமைப்புப் பதிவகம் சொல்லும். அது பொத்தான் எண்ணை 1024ஆல் பெருக்கி வைத்திருக்கும். மூன்றாம் பொத்தான் என்றால் 3072. இதை மறந்து நேராக 3 என்று ஒப்பிட்டுவிட்டு, ‘பொத்தான் வேலை செய்யவில்லை’ என்று தேடுவது புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் விழும் குழி.

வெற்று பிஜிசி அந்த எண்ணை 1024ஆல் வகுத்து, மடங்கால் பெருக்கி, வரிசையோடு கூட்டும். பிறகு எண்ணிக்கையில் ஒன்றைச் சேர்க்கும். எண்ணிக்கை 4 ஆகிவிட்டால் நேராக ஓட்டத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் மட்டும் மடங்கை 16ஆல் பெருக்க வேண்டும். இந்தச் சோதனையைப் பெருக்கலுக்குப் பின்னால் வைத்தால் மடங்கு 65536 ஆகிப் பதிவகத்தை மீறிவிடும்.

ஓட்டுவதற்குத் தலைமைப் பட்டியில் இன்னொரு வெற்று பிஜிசி வேண்டும். ‘வழிவிடும் பிஜிசி’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். வரிசையிலிருந்து ஓர் எண்ணை உருவி, 1 என்றால் முதல் தலைப்புக்கு, 2 என்றால் இரண்டாவதற்கு என்று தாவும், 0 என்றால் முதன்மைத் தெரிவுத்திரைக்குத் திரும்பும். தலைமைப் பட்டியில்தான் இது இருக்க வேண்டும். ஒரு தொகுதியின் தலைப்பிலிருந்து வேறொரு தொகுதியின் தலைப்புக்கு நேராகத் தாவத் தரநிலை அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு படத்தின் பின்கட்டளையும் இந்த பிஜிசியைத்தான் அழைக்கும். தனியாக ஒரு படத்தை மட்டும் ஓட்டினாலும் வரிசை 0 என்பதால் முதன்மைத் திரைக்கே திரும்பும், நிலையைக் குறிக்கத் தனியாக ஓர் அடையாள எண் வைக்கத் தேவையில்லை.

ஆனால் பழைய வரிசை மிச்சம் இருந்தால் கதை மாறும். இரண்டாவது படத்தின் நடுவே பார்ப்பவர் முதன்மைத் திரைக்கு வந்து, அங்கிருந்து வேறொரு படத்தைத் தனியாக எடுக்கிறார். அது முடிந்ததும் கேட்காமலே பழைய வரிசையின் மூன்றாவது படம் தொடங்கிவிடும். முதன்மைத் திரையின் முன்கட்டளையில் வரிசையை அழித்தால் இது நிற்கும். ஆனால் சும்மா மெனுவைப் பார்த்துவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்புபவரின் வரிசையும் சேர்ந்து போய்விடும். தனிப்படப் பொத்தான்கள் தாவும் இடத்தில் மட்டும் அழிப்பதே நல்லது.

தேர்ந்த வரிசையைத் திரையில் காட்ட ஆசை வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே படத்தை இருமுறை தேராவிட்டாலும் 4 படங்களுக்கு 1 + 4 + 12 + 24 + 24, மொத்தம் 65 நிலைகள், 65 படங்கள் வரைய வேண்டும். ‘2 தேர்ந்தாயிற்று’ என்று எண்ணிக்கையை மட்டும் காட்டினால் 0 முதல் 4 வரை 5 திரைகளில் முடிந்துவிடும். நாலாவதைக் காட்டாமலே ஓட்டத்துக்குப் போனால் 4 போதும். அந்த 65 திரை ஆசையை விட்டுவிடுவதே மேல்.

பொத்தானை வரைவதிலும் கட்டுப்பாடுகள் உண்டு. மின்னும் அடையாளம் துணைப்படத்தில், அதாவது படத்தின் மேல் படியும் அடுக்கில் இருக்கிறது, அதில் ஒளிபுகும் நிறத்தையும் சேர்த்து 4 நிறங்கள்தான். எழுத்தின் ஓரத்தை மழுப்பிய படத்தைக் கொடுத்தால் வட்டை உருவாக்கும் கருவி ஏற்க மறுக்கும், அல்லது ஓரம் பல்பல்லாகத் தெரியும். வளைந்த எழுத்தைச் சுற்றி மின்ன வைப்பதைவிட அடிக்கோடோ கட்டமோ போட்டால் சுத்தமாக இருக்கும். பொத்தான் எல்லைகளுக்கு இரட்டைப்படை எண்களையே கொடுங்கள், ஒன்றின் மேல் ஒன்று படியவிடாதீர்கள். ஒரு திரைக்கு அதிகபட்சம் 36 பொத்தான்கள். அகலத்திரைக்கும், மேலும் கீழும் கருப்புப் பட்டையோடு காட்டும் பழைய 4:3 தொலைக்காட்சிக்கும் தனித்தனித் துணைப்படம் வைத்தால் அது 18 ஆகக் குறையும். தனியாக வைக்காவிட்டால் பழைய தொலைக்காட்சியில் எழுத்து ஓரிடத்திலும் மின்னல் வேறிடத்திலும் நிற்கும்.

‘டிவிடிஆதர்’ போன்ற கட்டற்ற கருவியில் செய்பவர்கள் பதிவகங்களை 0 முதல் 12 வரை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மீதி மூன்றைக் கருவி தன் வேலைக்கு வைத்துக்கொள்கிறது.

தொலைக்கட்டுப்பாட்டில் பொதுவாக இரண்டு பொத்தான்கள் இருக்கும். ‘டைட்டில்’ அல்லது ‘டாப் மெனு’ என்பது தலைமைப் பட்டிக்கும், ‘மெனு’ என்பது ஓடிக்கொண்டிருக்கும் தொகுதியின் பட்டிக்கும் போகும். முதலாவதைத் ‘தலைமைப்பட்டி’ என்றும் இரண்டாவதை ‘உட்பட்டி’ என்றும் சொல்லலாம். தொகுதிக்கு உட்பட்டியே வைக்காமல் விட்டால் ‘மெனு’வை அழுத்தும்போது சில பிளேயர்கள் சும்மா இருக்கும். அதனால் உட்பட்டியில் ஒரு வெற்று பிஜிசியை வைத்துத் தலைமைப்பட்டிக்குத் திருப்பிவிடுங்கள்.

சோதிக்கும்போது கணினியில் ஓடுவதை மட்டும் நம்பக் கூடாது. மீண்டும் எழுதக்கூடிய வட்டில் பதிந்து மேசைப் பிளேயரிலும் போட்டு, கடைசி அத்தியாயத்தில் ‘அடுத்தது’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். அப்போது பின்கட்டளை நடக்குமா என்பது பிளேயருக்குப் பிளேயர் மாறும். நடக்காவிட்டால் வரிசை அங்கேயே அறுந்துவிடும். அந்தக் கடைசி அத்தியாயத்தில் மட்டும் ‘அடுத்தது’ பொத்தானைத் தடைசெய்துவிட்டால் படம் முடியும்வரை ஓடி, வழிவிடும் பிஜிசிக்குத் தானே வந்து சேரும்.