டேங்க்: குளத்துல கெடந்த சொல்லு டிராகன் முன்னால போய் நின்ன கதை

போன மாசம் ஒருநா ராத்திரி, மணி பன்னெண்டு இருக்கும், பாளையங்கோட்டையில எங்க வீட்டு மச்சுல உக்காந்து ஹெட்போன மாட்டிக்கிட்டு நாங்க நாலு சேக்காளிக கேம் ஆடிட்டு இருந்தோம், ஆளுக்கொரு வீட்டுல இருந்துதான், கடைசி குகையில டிராகன், நான் என்னைய அறியாம "டேங்க் போச்சு, ஏல டேங்க் போச்சு"ன்னு கத்திட்டேன். கீழ படுத்திருந்த அம்மா அந்தானிக்கு எந்திச்சு மொட்டமாடிக்கு ஓடி, டார்ச் அடிச்சு தண்ணித் தொட்டிய சுத்திப் பாத்து, தட்டிப் பாத்து, எறங்கி வந்து ஏசுனா பாருங்க ஏச்சு. "தொட்டி நல்லாத்தானல இருக்கு, எதுக்குல கெடந்து கத்துத?"

அவகிட்ட வெளக்கம் சொல்லப் போயி சொல்ல வாய் வரல. டேங்க்னா என்னன்னு தமிழ்ல ஒரு வரி எனக்குத் தெரியல. அந்த ரோசத்துல தேடுனதுதான் இது.

மொதல்ல அர்த்தத்த பாத்துருவோம். பேண்டஸி ரோல்பிளேயிங் கேம்ல, அதாவது ஆளுக்கொரு வேசம் எடுத்து ஆடுத மாயாஜாலக் கதை ஆட்டத்துல, ஒத்த ஆளா போயி எல்லாத்தையும் செய்ய முடியாது, நாலஞ்சு பேரு சேந்த ஒரு பார்ட்டி வேணும், அதுல முன்னால போயி நின்னுக்கிட்டு எதிரி அடிக்க அடிய எல்லாம் தன்மேல வாங்கி பின்னால நிக்கவன் மேல படாம பாத்துக்கிடுதவன் பேருதான் டேங்க். கனத்த கவசம், கேடயம், மத்தவனவிட உசுரு கூட. ஆனா அவன் திருப்பி அடிக்க அடி பெருசா ஒண்ணும் வலிக்காது. அடிச்சுக் கொல்லுத வேலை வில்லுக்காரனுக்கும் மந்திரவாதிக்கும், காயத்த ஆத்துத வேலை ஹீலருக்கு. ஹீலர்ட்ட மந்திர சக்தி அளவாத்தான் இருக்கும், அடி நாலு பேர் மேலயும் செதறி விழுந்தா யாருக்குன்னு வைத்தியம் பாப்பான்? ஒருத்தன் மேலயே விழுந்தா, அதுவும் கவசத்துல பாதி அடிய கழிச்சுட்டு வாங்குதவன் மேல விழுந்தா, அவனுக்கு கணக்கு சுளுவு. பார்ட்டி பிளானிங்னு மணிக்கணக்கா பேசுததுல முக்கால்வாசி இந்த ஒரு கணக்குதான்.

இங்க ஒரு கேள்வி வரும், வரணும். டிராகனுக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு, தீய வாரி எறியுத மந்திரவாதிய விட்டுட்டு இரும்புச் சட்டை போட்டவன போயி கடிக்க? 1999ல வந்த எவர்குவெஸ்ட், 2004ல வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் மாதிரி ஆன்லைன் கேம்ல இதுக்குன்னு உள்ளுக்குள்ள ஒரு கணக்கு ஓடும். யார் மேல எவ்வளவு பகைன்னு ஒவ்வொரு எதிரிகிட்டயும் ஒரு பட்டியல் இருக்கும், நீங்க அடிச்சா உங்க பேரு அதுல ஏறும், காயம் ஆத்துனாலும் ஏறும், எவன் பேரு தலையில நிக்கோ அவன் மேலதான் எதிரி பாயும். இதத்தான் அக்ரோங்கான். டேங்க்கிட்ட டான்ட்டுன்னு ஒரு வித்தை உண்டு, அத அமுக்குனா அவன் பேரு பட்டியல்ல மேல வந்துரும். இந்த டான்ட்டுக்கு தமிழ்ச் சொல்லு தேட அகராதியே வேண்டாம், நம்ம ஊர்ல எட்டு வயசுப் பய கூட சொல்லுவான்: வம்பிழுக்கது.

அன்னைக்கு ராத்திரி நடந்ததும் அதான். டேங்க் ரெண்டு வெட்டு வெட்டி, டிராகன் மூஞ்சிய எங்களுக்கு எதிர்ப்பக்கமா திருப்பி வச்சதுக்கு அப்புறந்தான் நாங்க கை வைக்கணும், ஏன்னா அது தீய ஊதுனா விசிறி மாதிரி விரிஞ்சு வரும், முன்னால நிக்க அத்தன பேரும் கருகிருவான். எங்க மந்திரவாதி, ஒரே தெருக்காரன், சின்னப் புள்ளையில இருந்தே அவசரக்குடுக்கை, அவன் மொத அடியே பெரிய தீப்பந்தா எறிஞ்சுட்டான். பகை அவன் மேல ஏறிட்டு. டிராகன் திரும்பிட்டு, ஊதிட்டு. அவனக் காப்பாத்த டேங்க் குறுக்க போயி விழுந்தான், ஹீலர் சக்தி காலி, அப்புறம் நான் கத்துனது, அம்மா ஓடுனது.

டேபிள்ல உக்காந்து டைஸ் உருட்டி ஆடுததுல இந்தப் பட்டியல் எல்லாம் கெடையாது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் 1974ல டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கொண்டு வந்தப்ப மொத்தமே மூணு வகுப்புதான்: சண்டை போடுதவன், மந்திரம் போடுதவன், பூசாரி. எதிரி யார அடிக்கணும்னு முடிவு பண்ணுதது அங்க மிஷின் இல்ல, ஆட்டத்த நடத்துத மனுசன், அவருக்கு மூளை உண்டு, அவர்ட்ட வம்பிழுத்தா சிரிப்பாரு. அதனால அங்க டேங்க்கோட ஆயுதம் எடந்தான். நம்ம வளவு வீடுகளுக்கு இருக்குமே ஒரு குறுகலான வாசல், அதுல கம்போட ஒருத்தன் நின்னான்னா பத்துப் பேரு வெளிய நின்னு சத்தந்தான் போட முடியும், அதே யோசனைதான். குகை வாசல்ல அவன நிறுத்து, மத்தவன் பின்னால நின்னு எறி. 2008ல வந்த நாலாம் பதிப்புல இந்த வேலைக்கெல்லாம் முறையா பேரே வச்சான், டிஃபெண்டர், ஸ்ட்ரைக்கர், லீடர், கண்ட்ரோலர்னு. அடுத்த பதிப்புல அந்தப் பேர எடுத்துட்டான், ஆனா ஆடுதவன் வாயில டேங்க் அப்படியே நின்னுட்டு. 2023ல வந்த பால்டர்ஸ் கேட் 3ங்க கம்ப்யூட்டர் கேம ஆடுனவனும் நாலு பேரு பார்ட்டிய பிரிக்கும்போது மொதல்ல கேக்க கேள்வி, டேங்க் யாரு?

சரி, இந்தச் சொல்லு எங்கேருந்து வந்துச்சு?

கேமுக்கு வந்தது யுத்தத்துல இருந்து. மொத உலகப்போர்ல பதுங்குகுழிக்கும் முள்ளுக்கம்பிக்கும் நடுவுல மெஷின்கன்னுக்கு ஆளுக செத்து விழ, இரும்புத்தகடு போத்துன வண்டி ஒண்ண வெள்ளக்காரன் ரகசியமா செஞ்சான். தரையில போற கப்பல்னு அவனுக்குள்ள ஒரு பேரு வச்சிருந்தான், அது வெளிய தெரிஞ்சா எதிரி உசாராயிருவானேன்னு 1915 கடைசியில பேர மாத்துனான். பாத்தா பெரிய தண்ணித் தொட்டி மாதிரி இருக்கு, கேட்டா தண்ணித் தொட்டின்னு சொல்லிருவோம்னு டேங்க்ங்க பேரையே வச்சுட்டான். 1916 செப்டம்பர் 15ஆம் தேதி பிரான்ஸ்ல சோம் போர்க்களத்துல அது மொத மொத உருண்டு வந்துச்சு. ரகசியம் அன்னைக்கே போச்சு, பொய்க்கு வச்ச பேரு மட்டும் ஒட்டிக்கிட்டு. துப்பாக்கிக் குண்டு தெறிச்சுப் போகும், ஆமை மாதிரி ஊரும், அது பின்னால ஒளிஞ்சு ஒளிஞ்சு ஆளுக நடந்து போவாங்க. கேம்ல இருக்க டேங்க் வேலை அப்படியே இதுல இருக்கு.

அப்படின்னா எங்க அம்மா தொட்டியத் தட்டிப் பாத்தது ஒண்ணும் தப்பில்ல. அசல் அர்த்தத்துக்குத்தான் அவ ஓடிருக்கா.

இதுக்கும் முன்னால போனா இன்னும் வேடிக்க. வெள்ளக்காரனுக்கு இந்தச் சொல்லு இந்தியாவுல கெடச்சது. குஜராத்தியிலயும் மராத்தியிலயும் தண்ணி தேக்குத எடத்துக்கு டாங்கி, டாங்கேன்னு சொல்லு உண்டு, போர்ச்சுகீசியக்காரன் கையில அதே அர்த்தத்துல டாங்க்கேன்னு ஒரு சொல்லு இருந்துச்சு, ரெண்டும் கலந்து இங்கிலீஷ்ல டேங்க் ஆச்சுன்னு அகராதிக்காரங்க சொல்லுதாங்க. இந்தியப் பக்கத்து வேர், நாம தடாகம்னு சொல்லுதோமே அந்தச் சொல்லோட வேராக்கூட இருக்கலாம்னு ஒரு கருத்து உண்டு. அந்த டேங்க்ங்க பேரத்தான் மெட்ராஸ் ராஜதானியில நம்ம குளத்துக்கு எல்லாம் வச்சான். வடக்க ஏரி, மதுரைப் பக்கம் கண்மாய், நமக்கு குளம், அவன் ரெக்கார்டுல எல்லாமே டேங்க். சுத்தமல்லி அணைக்கட்டுல இருந்து நெல்லைக் கால்வாய்ல தண்ணி வந்து நெறையுத நம்ம நயினார்குளத்தையும் டேங்க்னுதான் ஆபீஸ் பேப்பர்ல எழுதுவாங்க.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, குளத்துக்கும் கேம் டேங்க்குக்கும் வேலை கூட ஒத்துப் போறது. மேல இருந்து வர்ற வெள்ளத்த கரை தாங்கும், கொள்ளாதத மறுகால் வழியா அடுத்த குளத்துக்கு விடும், கீழ வயக்காடும் ஊரும் நிம்மதியா இருக்கும். கரை தாங்கலன்னு வையுங்க, அந்த ஒரு குளத்தோட நிக்காது, ஒடஞ்ச தண்ணி மொத்தமா கீழ்க்குளத்துல போயி முட்டும், அதுவும் ஒடையும். 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை பெஞ்சப்ப நம்ம பக்கம் குளங்க ஒடஞ்சு ஊருக்குள்ள தண்ணி வந்தத பாத்தவங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்ல. டேங்க் விழுந்த அடுத்த நிமிசம் ஹீலர், அப்புறம் வில்லுக்காரன்னு வரிசையா விழுததும் அதே கததான். அதோட இத ஒப்பிடுதது கொஞ்சம் அதிகந்தான், கேம்ல செத்தவன் எந்திச்சு வந்துருவான்.

இப்ப தமிழ்ச் சொல்லு. மிஷின் மொழிபெயர்ப்புல போட்டா தொட்டின்னு வரும், "தொட்டியை முன்னால் அனுப்பவும்"னு ஆடுனா விளங்குன மாதிரிதான். பீரங்கி வண்டி, கவச வாகனம் ரெண்டும் அந்த யுத்த வண்டிக்குச் சரி, ஆளுக்கு ஒட்டாது. காவலன்னா டிஃபெண்டர் மாதிரி இருக்கு, ஆனா காவலன் கேட்டுல நாற்காலி போட்டு உக்காந்தும் இருக்கலாம், அடி வாங்கணும்னு அவசியமில்ல.

எனக்குப் பிடிச்ச சொல்லு தாங்கி. சத்தம் ஒத்து வருதேன்னு டேங்க்க இழுத்து டாங்கி, டாங்கிய இழுத்து தாங்கின்னு ஆக்கல, அது வெறும் அதிர்ஷ்டம். தாங்குததுங்கது இந்த வேலைக்குன்னே தமிழ்ல ரொம்ப நாளா இருக்க வினை. திருக்குறள்ல படைமாட்சி அதிகாரம், 767ஆவது குறள் பாருங்க:

தார்தாங்கிச் செல்வது தானை தலைவந்த
போர்தாங்கும் தன்மை அறிந்து.

இங்க தார்னா ரோட்டுல ஊத்துத தாரும் இல்ல, கழுத்துல போடுத மாலையும் இல்ல. படையில முன்னால வர்ற அணி, பரிமேலழகர் தூசின்னு உரை சொல்லுவாரே அது. மேல வந்து விழுத போர எப்படித் தாங்கணும்ங்க வகை தெரிஞ்சுக்கிட்டு, எதிரியோட முன்னணிய தாங்கித் தடுத்து முன்னேறிப் போறதுதான் படைங்கார். ரெண்டு வரிக்குள்ள ரெண்டு தடவ தாங்குதாரு. அதோட தாங்கி நிக்கதுன்னு சொல்லல, தாங்கிச் செல்வதுன்னு சொல்லுதாரு, கேடயத்துக்குப் பின்னால குத்தவச்சு உக்காந்திருக்க சில டேங்க்குக இதக் கொஞ்சம் வாசிக்கணும். புறநானூறு 88ல ஒளவையார் "கூழை தார் கொண்டு" சண்டைக்கு வருவோம்னு சொல்லாதீங்கன்னு அதியமானுக்காக எதிரிகள மெரட்டுதா, கூழைன்னா பின்னணி, தார்னா முன்னணி. நாம ஃப்ரண்ட்லைன், பேக்லைன்னு சொல்லுததுக்கு நேர் சொல்லு.

தாங்கியில எனக்கு ஒரு சங்கடம் உண்டு. இஞ்சினியரிங் புத்தகத்துல பேரிங்குக்கும் தாங்கின்னுதான் போடுதான். ரோட்டோரம் கெடக்க சுமைதாங்கிக் கல்லும் தாங்கிதான், மாசமா இருக்கையில செத்துப்போன பொண்ணு நெனப்பா நட்டு வைப்பாங்களே, அது பாட்டுக்கு நிக்கும், எறக்கி வச்சா சுமக்கும். டேங்க் அப்படி சும்மா நிக்க முடியாது, அடிய தன்பக்கம் இழுக்கணும். அந்த எடத்துக்கு இடிதாங்கிய அடிச்சுக்க சொல்லு கெடையாது. கோபுரத்து உச்சியில நின்னு, வர்ற இடிய தன்மேல வாங்கி மண்ணுக்குள்ள எறக்கிட்டு, கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்கிடும். வம்பிழுக்க வித்தை உள்ள டேங்க்க இடிதாங்கின்னும், வாசல மறிச்சு நிக்கவன வெறும் தாங்கின்னும் சொல்லலாம்ங்கது என் கட்சி. எழுத்துல கம்பீரமா வேணும்னா தார்தாங்கின்னு போட்டுக்கிடுங்க.

மத்ததுக்கு சுருக்கமா. ஹீலருக்கு பண்டுவன், பண்டுவம் பாக்கதுன்னு பெரியவங்க சொல்லுவாங்களே அதுல இருந்து. பார்ட்டிக்கு செட்டு போதும், அக்ரோவுக்கு பகை. டேமேஜ் அடிக்கவனுக்கு என் மந்திரவாதி சேக்காளி தனக்கு அடியாள்னு பேரு வச்சுக்கிட்டான், நான் ஒண்ணும் சொல்லல.

போன வெள்ளிக்கெழம திரும்ப அதே டிராகன்கிட்ட போனோம், இந்தத் தடவ தமிழ்லதான் பேசணும்னு சத்தியம் பண்ணிட்டு. தாங்கி வாசல்ல நின்னான், மூஞ்சியத் திருப்புனான், பண்டுவன் பண்டுவம் பாத்தான், எல்லாம் நல்லாத்தான் போச்சு, கடைசியில டிராகன் வாலால ஒரு அடி. நான் சத்தம் போட்டேன், "ஏல, தாங்கி செத்துட்டான்ல!"

அம்மா எந்திக்கல. அடுத்த ரூம்ல படுத்திருந்த ஆச்சி எந்திச்சு உக்காந்து, "ஏ யய்யா, யாருல செத்தது?"