அட்டையில் எழுதிய எடையும் உண்மையான எடையும்

மதுரையை அடுத்த கப்பலூர் தொழிற்பேட்டையில் வாகனங்களுக்கான ரப்பர் வளையங்களைச் செய்யும் பட்டறை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த மாதம் அங்கே உற்பத்தி சற்றுக் கூடியிருக்கிறது, ரிஜெக்‌ஷன் குறைந்திருக்கிறது, சரக்கும் முன்பைவிட ஒழுங்காகக் குறித்த நாளில் போய்ச் சேர்கிறது. ஆனால் பட்டறை மொத்தத்தில் எவ்வளவு முன்னேறியது என்று கேட்டால், ஒன்றை எண்ணிக்கையிலும் மற்றதைச் சதவீதத்திலும் அளக்கிறோம் என்பதால் அவற்றை அப்படியே கூட்டிச் சொல்ல இயலாது.

இதற்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ரிக்ஸ் வகுத்த முறை எளிமையானது. ஒவ்வோர் அளவையும் 0 முதல் 10 வரையிலான படிகளில் வைக்க வேண்டும். இன்றைய நிலை 3, இலக்கு 10. ரிஜெக்‌ஷன் இப்போது 6 சதவீதம், இலக்கு 2.5 சதவீதம் என்றால், அரைச் சதவீதம் குறையும்போதெல்லாம் ஒரு படி ஏறும். பிறகு முக்கியத்துவத்துக்கு ஏற்ப, மொத்தம் 100 வருமாறு எடைகளைப் பகிர்ந்து ஓர் அட்டையில் எழுத வேண்டும். ஒவ்வொன்றின் படியையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டினால் வருவதே குறியீடு. உற்பத்திக்கு 30, ரிஜெக்‌ஷனுக்கு 30, சரக்கு சேரும் நேரத்துக்கு 20, விபத்தின்மைக்கு 20 எனக் கொண்டால், எல்லாம் மூன்றாம் படியில் நிற்கும் தொடக்கத்தில் குறியீடு 300. இம்மாதம் அவை முறையே 4, 6, 5, 3 ஆம் படிகளில் இருந்தால், 120, 180, 100, 60 சேர்ந்து 460 ஆகும்.

இங்கேதான் கவனம் வேண்டும். அச்சு இயந்திரத்தில் ஒருவரின் கை நசுங்கி, விபத்தின்மை பூஜ்யத்துக்கு இறங்கினாலும் குறியீடு 400 காட்டும். அதாவது தொடக்கத்தைவிட நூறு அதிகம்! கூட்டல் கணக்கில் ஒன்றின் வீழ்ச்சியை மற்றொன்றின் ஏற்றம் ஈடுகட்டிவிடுகிறது. ஐ.நா.வின் மனித வளர்ச்சிக் குறியீடு 2010 முதல் கூறுகளைக் கூட்டி எடுக்கும் சராசரியை விட்டு, அவற்றைப் பெருக்கி எடுக்கும் பெருக்குச் சராசரிக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்; அங்கே ஒரு கூறு சரிந்தால் மொத்தமும் அதனோடு சரியும். பட்டறைக்கு அவ்வளவு கணக்கு வேண்டாம். விபத்தை எடை போடாமல், அது நேர்ந்த மாதத்தில் குறியீட்டையே வெளியிடுவதில்லை என்று விதித்துவிடுவது மேல் என்பது என் கருத்து.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கு எளிதில் படாது. உற்பத்தியின் எடை 30 என்று அட்டை சொன்னாலும், அது மாதாமாதம் நான்காம், ஐந்தாம் படிகளுக்குள்ளேயே நின்றால், குறியீட்டை 30 புள்ளிக்கு மேல் அசைக்காது. 20 எடையுள்ள நேரமோ இரண்டாம் படிக்கும் ஏழாம் படிக்கும் இடையே அலைந்தால் 100 புள்ளி அசைக்கும். எனவே குறியீட்டின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் லாரி புறப்பட்ட நேரத்தையே காட்டும். தொழிலாளியின் ஊக்கத்தொகையை அதைப் பார்த்து நிர்ணயித்தால், அவர் கையில் இல்லாத ஒன்றுக்காக அவர் கூலி குறையும். எடையோடு படியின் அலைவையும் பெருக்கிப் பார்த்தால்தான் உண்மையான எடை தெரியும்.

திருத்தவும் வழி உண்டு. மூன்றாம் படியில் மணிக்கு 40 வளையம் என்று தொடங்கி இரண்டிரண்டு வளையமாக ஏறும் உற்பத்திப் படிகளை ஒவ்வொரு வளையமாக நெருக்கினால், அதே ஏற்ற இறக்கம் 60 புள்ளியாகப் பெருகும். ஆனால் இலக்கும் 54 வளையத்திலிருந்து 47-க்கு இறங்கிவிடும் என்பதால், நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்தே அதை முடிவு செய்ய வேண்டியிருக்கும்.