பிறந்தபோது எடை எவ்வளவு?

கடலூர் முதுநகரில் சர்க்கரை நோய்க்கு மருத்துவம் பார்க்கும் நான், புதிதாக வருபவர்களிடம் அவர்கள் பிறந்தபோது இருந்த எடையைக் கேட்பது வழக்கம். பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதில்லை. அண்மையில் வந்த 31 வயது இளைஞருக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 212; கை கால்கள் மெலிந்திருக்க, வயிறு மட்டும் முன்தள்ளியிருந்தது. உடன் வந்த தாயார்தான் பதில் சொன்னார்: "ரெண்டு கிலோகூட இல்லீங்க. ஸ்கூலுக்குப் போற வயசுலதான் பிஸ்கட்டும் ஆர்லிக்சுமா குடுத்து ஆளாக்கினேன்."

அந்தத் தாயின் அக்கறையில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் கருவில் ஊட்டம் போதாதபோது உடல் மூளையைக் காப்பதற்கு முதலிடம் தந்து, சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரக்கும் கணையம், சிறுநீரகம், தசை ஆகியவற்றின் வளர்ச்சியில் சிக்கனம் பிடிக்கிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்குச் சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகள் ஏறத்தாழ 36ஆம் வாரத்தோடு உருவாகி முடிந்துவிடும். பிறகு எவ்வளவு ஊட்டினாலும் அவற்றின் எண்ணிக்கை கூடாது.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் எழுதிவைக்கப்பட்ட குழந்தைகளின் எடைக் குறிப்புகளை ஆராய்ந்த டேவிட் பார்க்கர், ஒரு வயதில் எடை குறைந்திருந்த ஆண்களே பிற்காலத்தில் இதய நோயால் அதிகம் இறந்ததை 1989இல் எடுத்துக்காட்டினார். நமக்கு இன்னும் நெருக்கமானது 2004இல் வெளியான டெல்லி ஆய்வு. இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, அதன்பின் 12 வயதுக்குள் சட்டென்று சதை போட்டவர்களிடம், 30 வயதை எட்டும் நிலையில் சர்க்கரைக் கோளாறு அதிகம் காணப்பட்டது. இத்தனைக்கும் 12 வயதில் அவர்கள் பருமனான பிள்ளைகளாக இருக்கவில்லை.

ஆகவே, எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் தாய்ப்பாலும், ஆறு மாதம் முடிந்தபின் முட்டை, மீன், பருப்பு சேர்ந்த உணவும் தாராளமாகக் கிடைக்க வேண்டும். ஐந்து, ஆறு வயதில் இனிப்பும் நொறுக்குத்தீனியும் கொடுத்து அந்தக் குறையை ஈடுகட்ட முயல்வது தவறு. பிறப்பு எடை எழுதப்பட்ட தாய்–சேய் அட்டையைக் குடும்ப அட்டையைப் போலவே பத்திரப்படுத்துங்கள்.

அன்று அந்த இளைஞரின் மனைவியும் வந்திருந்தார், ஏழு மாதக் கர்ப்பிணி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.6; ரத்தசோகை. துறைமுகத்துக்கு அருகில் வீடு. தினமும் கவலை மீன் வாங்குகிறார்கள். "எல்லாரும் சாப்பிட்ட பிறகு எனக்குக் குழம்புதான் மிஞ்சும்" என்று தயங்கியபடி சொன்னார். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது என்று அவரிடம் சொன்னேன். மருமகளுக்கான மீனை முதலிலேயே தனியாக எடுத்துவைக்கும்படி மாமியாரிடம் கேட்டுக்கொண்டேன்.