கேன் தண்ணீரா, வீட்டு ஆர்ஓவா? மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு

மீன் தொட்டி அமைத்துக் கொடுப்பதும் மாதாமாதம் போய்ச் சுத்தம் செய்து தருவதும்தான் என் தொழில். சென்னையில் போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் எல்லாம் கேட்பார்கள், "தொட்டிக்குக் கேன் தண்ணீர் வாங்கி ஊற்றலாமா, இல்லை வீட்டு ஆர்ஓவில் பிடித்து ஊற்றலாமா?" என்று. என்ன மீன் வளர்க்கிறீர்கள், குழாயில் வரும் தண்ணீர் எப்படி என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

போன கோடையில் அம்பத்தூரில் ஒரு வீடு. மூன்றடித் தொட்டி, ஆறு கோல்டு ஃபிஷ். நான் போனபோது இரண்டு செத்துவிட்டன, மீதி நான்கும் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு அடியில் கிடந்தன, தண்ணீர் மட்டும் அவ்வளவு தெளிவு. "நாங்க குடிக்கிற கேன் தண்ணியத்தான் தம்பி ஊத்துறோம், வேற எதுவுமே கலக்கலை" என்றார் அந்த அம்மா. தண்ணீரில் அமிலம் எவ்வளவு என்று காட்டும் பிஎச் கிட்டில் சோதித்தால் பளிச்சென்ற மஞ்சள், அதாவது 6 அல்லது அதற்கும் கீழே, தண்ணீர் அமிலமாகிவிட்டது. கார்பனேட் அளவைப் பார்க்கும் கேஹெச் கிட்டில் தண்ணீர் முதலில் நீலமாகி, சில சொட்டுகள் விட்ட பிறகுதான் மஞ்சளாக வேண்டும், இங்கே முதல் சொட்டிலேயே மஞ்சளாகிவிட்டது.

நடந்தது இதுதான். கேன் தண்ணீர் பெரும்பாலும் ஆர்ஓ தண்ணீர். ஆர்ஓ உப்பை எடுக்கும்போது கார்பனேட்டையும் சேர்த்தே எடுத்துவிடும். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் இருக்கிறது, அது வேலை செய்யச் செய்ய அமிலம் உண்டாகும், அந்த அமிலத்தைத் தாங்கிக்கொள்வது இந்தக் கார்பனேட்தான். அது தீர்ந்ததும் பிஎச் சரிகிறது, பாக்டீரியாவும் முடங்குகிறது, கழிவு தொட்டியிலேயே தேங்குகிறது. இதற்கு மேல், மீனின் உடம்பிலுள்ள உப்பு செவுள் வழியே கசிந்துகொண்டே இருக்கும், தண்ணீரில் உப்பே இல்லையென்றால் அதை ஈடுகட்ட மீன் இன்னும் பாடுபட வேண்டும்.

கோல்டு ஃபிஷ், கப்பி, மோலி எல்லாம் கொஞ்சம் கடினமான, அதாவது சுண்ணாம்பும் கார்பனேட்டும் உள்ள தண்ணீரில்தான் நன்றாக இருக்கும். இவற்றுக்குப் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, 500, 600 இருந்தால்கூட நான் கேன் வாங்கச் சொல்வதில்லை. ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு ஒரு ராத்திரி விட்டுப் பயன்படுத்துங்கள். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரினுக்கு மருந்துச் சொட்டு கட்டாயம் போடுங்கள். இன்னொன்று, கேண்டில் ஃபில்டர், கார்பன் ஃபில்டர் போட்டால் உப்பு குறையும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். கார்பன் குளோரினை எடுக்கும், உப்பை எடுக்காது.

உப்பு குறைந்த தண்ணீர் கேட்கிற டிஸ்கஸ், கார்டினல் டெட்ரா மீன்களை வளர்ப்பவர்களுக்கும், போர் தண்ணீர் 1000 டிடிஎஸ் தாண்டுகிறவர்களுக்கும் ஆர்ஓ தண்ணீர் தேவைதான், ஆனால் கலந்து ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் 1200, கேன் தண்ணீர் 40 என்றால் ஒரு பங்கு போருக்கு மூன்று பங்கு கேன் சேர்த்தால் 330 வரும். மூன்றடித் தொட்டியில் வாரம் கால்வாசி தண்ணீர் மாற்ற 35 லிட்டர் போதும், அதற்கு ஒன்றரைக் கேனுக்கும் குறைவாகவே ஆகும். ஒரு தொட்டிதான் இருக்கிறது என்றால் இதற்காகத் தனி ஆர்ஓ மெஷின் வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து. கேன் போடுகிறவர் மாறினால் டிடிஎஸ்ஸும் மாறலாம், அதனால் மீட்டரை வைத்து ஒவ்வொரு கேனையும் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே ஆர்ஓ இருந்தால் அதையே எடுக்கலாம், அதில் காப்பர் கார்ட்ரிட்ஜ் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். செம்பு இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். ஒரு லிட்டர் எடுக்க இரண்டு மூன்று லிட்டர் கழிவாக வெளியே போகும், அதைப் பிடித்து வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். உப்பு கூடிய தண்ணீர் அது, செடிக்கு வேண்டாம்.

அம்பத்தூர் வீட்டில் அந்த அம்மா அன்றைக்கே தொட்டியைக் காலி செய்து போர் தண்ணீர் நிரப்பிவிடலாம் என்றார். நான் விடவில்லை. பிஎச் குறைவாக இருக்கும்போது தேங்கிய அம்மோனியா அவ்வளவு விஷமில்லாத வடிவத்தில் இருக்கும், பிஎச் திடீரென்று ஏறினால் அதே அம்மோனியா சில மணி நேரத்தில் மீனைக் கொன்றுவிடும். முதலில் கேன் தண்ணீரிலேயே இரண்டு முறை மாற்றிக் கழிவைக் குறைத்தோம், அப்புறம் தினமும் பத்து லிட்டர் எடுத்துவிட்டு, ராத்திரி முழுக்கக் காற்று விட்ட போர் தண்ணீரைக் கேன் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினோம். கார்பனேட் மெல்ல மெல்லக் கரைந்து வருவதற்காக ஒரு வலைப்பையில் கழுவிய கிளிஞ்சலைப் போட்டு ஃபில்டருக்குள் வைத்தேன். இரண்டு வாரத்தில் அமிலம் குறைந்து பிஎச் கிட் மஞ்சளிலிருந்து பச்சைக்கு வந்தது. மீதி நான்கும் இப்போதும் அந்தத் தொட்டியில் இருக்கின்றன.