ஐந்நூறு ரூபாய் கட்டிவிட்டால் முடிந்துவிடுமா?

போன மாதம் ஒரு தம்பி என் அலுவலகத்துக்கு வந்தார். மத்திய அரசு வேலை, தேர்வெல்லாம் தேறியாகிவிட்டது, பின்னணியைச் சரிபார்க்க நிரப்பித் தரும் அட்டெஸ்டேஷன் படிவத்தில் ‘நீதிமன்றம் உங்களுக்கு எப்போதாவது அபராதம் விதித்ததா?’ என்ற கேள்வியில் பேனா நின்றுவிட்டது. கல்லூரி நாட்களில் அவசரத்துக்கு மேம்பாலம் ஏறாமல் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டியிருக்கிறார், ரயில்வே பாதுகாப்புப் படையினர் (ஆர்.பி.எஃப்.) பிடித்திருக்கிறார்கள், கோர்ட்டில் நிறுத்தி 500 ரூபாய் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். “அது வெறும் ஃபைன்தானே சார், கேஸா?”

கேஸ்தான். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147, அத்துமீறி நுழைதல்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாஜிஸ்திரேட் கேட்டதும் “ஆமாங்கய்யா” என்று தலையாட்டுகிறோமே, அதுதான் குற்ற ஒப்புதல். அதன் பேரில் விதிக்கும் 500 ரூபாயும் தண்டனைதான்.

டிக்கெட் இல்லாமல் ஏறி டிக்கெட் பரிசோதகரிடம் (டி.டி.இ.) மாட்டினால் கதை வேறு. கட்டணத்தோடு கூடுதலாகக் குறைந்தது 250 ரூபாய் அங்கேயே கட்டினால் பெரும்பாலும் அதோடு முடிந்தது, கோர்ட் கிடையாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

அப்புறம் பிளாட்பாரம் டிக்கெட் ஆசாமிகள். பாட்டியை வழியனுப்ப வந்தவர் பெட்டியை மேலே ஏற்றி வைத்து, தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்து, போர்வை விரித்து முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும், பதறிப்போய்ச் சங்கிலியை இழுப்பார். பிரிவு 141, ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. ‘இறங்க மறந்துவிட்டேன்’ என்பதை நியாயமான காரணமாக எந்த நீதிமன்றமும் ஏற்று நான் பார்த்ததில்லை. பேசாமல் அடுத்த நிறுத்தம் வரை போய், டி.டி.இ. கேட்பதைக் கட்டிவிட்டுத் திரும்புங்கள், செலவு அதுதான் குறைவு.

கேஸ் சிலிண்டர், மண்ணெண்ணெய் விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் வக்காலத்து வாங்குவதில்லை. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் ஒன்பது பேர் கருகிப் போனது உள்ளே ஒளித்துக் கொண்டுவந்த சிலிண்டரால். பிரிவு 164, மூன்றாண்டு வரை.

சரி, மாட்டிக்கொண்டால்? எந்தப் பிரிவு என்று முதலில் கேளுங்கள். முதல் தடவை, சின்னக் குற்றம் என்றால் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதோடு நிறுத்தாமல், 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் பிரிவு 3-இன்படி கண்டித்து விடுவிக்குமாறு மாஜிஸ்திரேட்டிடம் வேண்டலாம். தருவதும் மறுப்பதும் அவர் விருப்பம். கிடைத்தால், தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 12. இரண்டு நிமிட வேலை, கேட்பவர்தான் இல்லை.

படிவத்தில் மறைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அற்பக் குற்றத்தை மறைத்திருந்தால் வேலை தருபவர் பொறுத்துக்கொள்ளலாம் என்று 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது, ஆனால் அது அவர் மனது வைத்தால்தான்.

தம்பி ‘ஆம்’ என்று எழுதி, தீர்ப்பு நகலையும் இணைத்து அனுப்பியிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.