புது கிளட்ச் போட்டாச்சு, கியர் ஏன் விழவில்லை?

கிளட்ச் செட் மாற்றி வெளியே வந்த காரில் ஃபர்ஸ்ட் கியர் விழ அடம்பிடிக்கிறது. ரிவர்ஸ் போட்டால் ‘கர்ர்ர்’ என்று பல்லோடு பல் உரசுகிறது. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும்போது உள்ளே எதையோ உடைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அந்த முடிவுக்கு வருவதற்கு முன் எஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். ரிவர்ஸ் மட்டும் பல் பொருந்தாமல் நின்றால் காரைக் கொஞ்சம் தள்ளிவிட்டு மறுபடி முயலலாம். எல்லா கியரும் சிரமமில்லாமல் விழுந்தால் கியர்பாக்ஸ் மேல் பழி போட வேண்டாம். எஞ்சின் ஓடும்போது மட்டும் தகராறு என்றால், பெடலைத் தரைவரை மிதித்தும் கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

பிரியாவிட்டால் கியர் ஏன் விழாது? கார் நிற்கும்போது சக்கரத்தோடு இணைந்த ஷாஃப்ட்டும் நிற்கிறது. எஞ்சினோ ஐடிலிங்கில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது. கிளட்ச்சை மிதித்ததும் கிளட்ச் பிளேட்டும், அது கோத்திருக்கும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டும் எஞ்சினிடமிருந்து விடுபட வேண்டும். அப்போதுதான் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சின்க்ரோ வளையம் உரசிப் பிடித்து அவற்றை நிறுத்தும். சின்க்ரோ ஏற்பாடு முதலில் வந்தது 1928-ல், காடிலாக் கார்களில். இரண்டு பக்க வேகமும் ஒன்றாகும் வரை கியரை உள்ளே விடாமல் தடுப்பதுதான் அந்த வளையத்தின் வேலையே. பிளேட் லேசாக ஒட்டிக்கொண்டு சுற்றினாலும் வேகம் ஒன்றாகாது, வளையமும் வழி விடாது. நிறைய கார்களில் ரிவர்ஸுக்கு இந்த வளையம் கிடையாது. அதனால் அங்கே தடுப்பதற்கு ஆளில்லை, பல் நேராகப் பல்லில் மோதுகிறது.

இதில் பலரும் எதிர்பார்க்காத விஷயம், இடைவெளி எவ்வளவு சிறியது என்பதுதான். உங்கள் கால் பெடலைப் பன்னிரண்டு, பதினைந்து சென்டிமீட்டர் அழுத்துகிறது. அது கியர்பாக்ஸ் பக்கம் போய்ச் சேரும்போது, கிளட்ச்சைத் தள்ளிப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் நகரும். கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீலோடு (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்) அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் பின்வாங்குவதோ ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர். அதிலும் ஒரு பகுதியைக் கிளட்ச் பிளேட்டே தின்றுவிடும். அதன் இரு பக்கமும் உரசிப் பிடிக்கும் லைனிங்குகளுக்கு நடுவில் அலை அலையாக வளைந்த மெல்லிய தகடுகள் இருக்கின்றன, அழுத்தம் குறைந்ததும் அவை விரிந்துகொள்ளும். மிச்சமிருப்பதை இரண்டு பக்கத்துக்கும் பங்கு போட்டால் பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. பெடலில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வீணாகப் போனாலே கணக்கு உதைக்கும்.

சரி, பழைய பிளேட்டில் விழுந்த கியர் புதுசில் ஏன் விழவில்லை? மாருதி 800 மாதிரி கேபிள் கிளட்ச் உள்ள கார்களில் இதற்கு அழகான ஒரு காரணம் உண்டு. பிரஷர் பிளேட்டை அழுத்திப் பிடிப்பது டயாஃபிரம் ஸ்பிரிங், அதாவது நடுவை நோக்கி விரல் விரலாக வெட்டப்பட்ட வட்டமான எஃகுத் தகடு. சீசா பலகை மாதிரி அதன் வெளிவிளிம்பு ஒரு பக்கம் போனால் நடுவிலுள்ள விரல்கள் எதிர்ப்பக்கம் வரும். லைனிங் தேயத் தேய பிரஷர் பிளேட் ஃபிளைவீலை நெருங்குகிறது, விரல்கள் ரிலீஸ் பேரிங்கை நோக்கி வெளியே வருகின்றன. பெடலின் ஃப்ரீ பிளே, அதாவது எதையும் தள்ளாமல் பெடல் சும்மா நகரும் தூரம், குறைகிறது. மெக்கானிக்கும் சர்வீஸுக்கு சர்வீஸ் கேபிளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி வைத்திருப்பார். இப்போது முழுத் தடிமனோடு புது பிளேட் உள்ளே போகிறது, விரல்கள் பழையபடி உள்ளே தள்ளிப் போய்விடுகின்றன. கேபிள் மட்டும் தேய்ந்துபோன பிளேட்டின் கணக்கிலேயே தளர்வாகக் கிடக்கிறது. பெடல் மிதியில் பாதி அந்தத் தளர்வை இழுக்கவே செலவாகிவிடும். காரோடு வந்த கையேட்டில் ஃப்ரீ பிளே எவ்வளவு என்று பார்த்து நட்டைத் திருகினால் முடிந்தது. இதற்காக மறுபடி கியர்பாக்ஸை இறக்குகிறேன் என்று யாராவது சொன்னால், கேபிளைப் பார்த்தீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

கேபிளுக்குப் பதில் பைப்பில் திரவம் தள்ளும் ஹைட்ராலிக் கிளட்ச்சில் தேய்மானத்துக்கு ஏற்ப அதுவே சரிசெய்துகொள்ளும். அங்கே எதிரி காற்று. வேலைக்காக பைப்பைக் கழற்றியிருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கும். திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். பெடலின் முதல் பகுதி அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே போய்விடும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: பெடலை மூன்று நான்கு முறை வேகமாக அடித்துவிட்டுப் போட்டால் கியர் விழும். ஒழுங்காக ஏர் எடுத்தும் (பைப்பிலுள்ள காற்றை வெளியேற்றியும்) அதே கதை என்றால், பெடல் பக்கம் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப்பைச் சந்தேகிக்கலாம். கியரில் போட்டு பெடலை மிதித்தபடி சிக்னலில் நிற்கும்போது கார் மெல்ல முன்னே நகரப் பார்த்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுவாகும். அப்புறம், கிளட்ச் பக்கம் அந்தத் திரவத்தை வாங்கித் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரும் ரிலீஸ் பேரிங்கும் ஒரே பாகமாக கியர்பாக்ஸ் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கார்களில், பிளேட் மாற்றும்போதே அதையும் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். கூலியில் பெரும்பங்கு இறக்கி ஏற்றுவதற்குத்தான் போகிறது.

கேபிளும் சரி, ஏரும் எடுத்தாச்சு என்றால் மாட்டியதில் கோளாறு. பிளேட்டைத் திருப்பி மாட்டியிருக்கலாம். எந்தப் பக்கம் ஃபிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று பல பிளேட்டுகளில் அச்சடித்தே வருகிறது, ஆனாலும் இது நடக்கும். திருப்பி மாட்டினால் நடுவிலுள்ள புடைப்பு ஃபிளைவீல் போல்ட்டில் இடிக்கும். இன்னொன்று, கியர்பாக்ஸை ஏற்றும்போது ஜாக்கில் சரியாகத் தாங்காமல் அதன் எடை முழுவதையும் ஒரு நொடி பிளேட்டின் நடுவில் தொங்கவிடுவது. பிளேட் லேசாக வளைந்தாலே போதும், ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் தொட்டுத் தொட்டுப் போகும். பிளேட் கோத்து நகரும் இன்புட் ஷாஃப்ட்டின் வரிப்பற்களில் கிரீஸே இல்லாவிட்டாலும் பிளேட் சறுக்கி விலகாது. அள்ளி அப்பினாலோ கிரீஸ் தெறித்து லைனிங்கில் ஒட்டும். இவற்றுக்கு மட்டும் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும்.

‘ஓட்ட ஓட்ட செட் ஆயிடும் சார்’ என்பது பாதி உண்மை. புது லைனிங் படிய சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை கிளட்ச் பிடிக்கும் விதத்தில் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். பிரியாத கிளட்ச் ஓட்டுவதால் பிரியப் போவதில்லை. பலவந்தமாகக் கியர் போட்டு ஓட்டினால் தேய்வது சின்க்ரோ வளையம். அது போனால் நிஜமாகவே கியர்பாக்ஸ் வேலைதான்.

எஞ்சினை அணைத்த பிறகும் கியர் விழவில்லை என்றால் கிளட்ச்சை விட்டுவிடுங்கள். கியர்பாக்ஸை இறக்க, லீவரிலிருந்து போகும் செலக்டர் கேபிளையோ ராடையோ கழற்றியிருப்பார்கள். திரும்ப மாட்டும்போது சில மில்லிமீட்டர் தள்ளி நின்றிருக்கும். வடித்த கியர் ஆயிலைத் திரும்ப ஊற்றினார்களா, எந்த கிரேடு ஊற்றினார்கள் என்பதையும் அப்படியே கேட்டுவிடலாம்.